பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி: கார் போட்டோவில் நிறம் மாற்றின கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "என் கார் போட்டோவை எடிட் பண்ணி வேற கலர்ல பார்க்கணும், எந்த ஆப் நல்லா இருக்கும்?" ஆப் பேர் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷ வரலாறு இருக்கு. அது தெரிஞ்சா, எந்த ஆப் கொடுக்கிற படத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

முதல்ல ஒரு சின்ன சோதனை. போன்ல ஒரு சிவப்பு கார் போட்டோவை எடுங்க. எடிட்டர்ல ஹியூ ஸ்லைடரை நகர்த்துங்க. சிவப்பு நீலமாகும், பச்சையாகும், பார்க்கவும் ஓரளவு நல்லாவே இருக்கும். இப்போ அதே காரை வெள்ளையாக்கிப் பாருங்க. முடியாது. சாச்சுரேஷனைக் குறைச்சா அழுக்குச் சாம்பல் வரும். பிரைட்னஸை ஏத்தினா பானெட் வெந்துபோன மாதிரி ஆகி, கதவு இடுக்கு, கைப்பிடி எல்லாம் காணாமல் போகும். சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போக முடியுது, வெள்ளைக்குப் போக முடியலை. ஏன்? இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

கார் நிறம் என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இல்லை. 1914 முதல் 1925 வரை ஃபோர்டு மாடல் டி கருப்பில் மட்டும்தான் வந்தது. வேற நிறம் அடித்த கார்களும் இருந்தன. ஆனால் அந்தக் காலத்துப் பெயின்ட் அடுக்கடுக்காகப் பூசிக் காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். 1920-களின் நடுவில் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்ற வேகமாகக் காயும் லாக்கர் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள் நீல நிறத்தில் வெளியே வந்தன. நிறம் சீக்கிரம் காய்ந்தால் நிறத்தை மாற்றி மாற்றி விற்கலாம். விற்கணும்னா முன்கூட்டியே பார்க்கணும். பார்த்து முடிவெடுக்க ஆள் வேணும்.

1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென்றே 'ஆர்ட் அண்ட் கலர்' என்று ஒரு பிரிவைத் தொடங்கி, ஹார்லி எர்ல் என்பவரைத் தலைவராக்கியது. ஹாலிவுட்டில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டி கட்டுபவர், பிறகு சினிமா நட்சத்திரங்களுக்குக் கார் பாடி கட்டினார். எர்ல் கொண்டுவந்த பழக்கம், முழுக் காரையும் களிமண்ணில் செய்து பார்ப்பது. களிமண் கார் பழுப்பாக, மந்தமாக இருக்கும். அதைப் பார்த்து எந்த முதலாளியும் சம்மதம் சொல்ல மாட்டார். அதனால் பிற்காலத்தில் அதன் மேல் டை-நாக் என்ற மெல்லிய படலத்தை இழுத்து ஒட்டிப் பெயின்ட் அடித்தார்கள். களிமண் அப்படியே இரும்பு மாதிரி மினுங்கும். இப்போ நம்ம ஊர்ல கார் ராப் ஒட்டுற கடையில் ரெண்டு பேர் ஹீட் கன்னை வச்சுக்கிட்டு வினைலை இழுத்து இழுத்து ஒட்டுறாங்களே, கிட்டத்தட்ட அதே காட்சிதான். என்ன, உள்ளே களிமண் இருந்தது.

இது கம்பெனிக்குள்ளே நடந்த முன்னோட்டம். வாங்குகிறவருக்குக் காட்டிய படம் வேற கதை.

ஆர்ட் ஃபிட்ஸ்பேட்ரிக், வான் காஃப்மன் என்று இரண்டு ஓவியர்கள். 1959 முதல் 1971 வரை போன்டியாக் கார்களின் விளம்பரப் படங்களை இவர்கள்தான் வரைந்தார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: ஃபிட்ஸ்பேட்ரிக் காரை வரைவார்; டிஸ்னியில் வேலை பார்த்த அனுபவம் உள்ள காஃப்மன் பின்னணியையும் மனிதர்களையும் வரைவார். படத்தின் மூலையில் இரண்டு பேரின் முதலெழுத்துகளும் இருக்கும். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க, எபிசோடை நிறுத்திட்டுப் பார்த்தாலும் பரவாயில்லை. கடற்கரை ஹோட்டல், மாலை வெளிச்சம், அதில் தரையோடு ஒட்டி அகலமாக ஒரு கார். குரோம் பம்பரில் வானம் தெரியும், தரை தெரியும், நடுவில் அடிவானக் கோடு தெரியும். பிரதிபலிப்பு எப்படி விழும் என்பதை அந்த மனுஷன் அப்படிப் படிச்சிருந்தார்.

ஆனால் அவர் வரைந்த கார், கடையில் நின்ற கார் அல்ல. 1959-ல் போன்டியாக் தன் கார்களின் சக்கர இடைவெளியைச் சுமார் 5 அங்குலம் கூட்டி 'வைட் டிராக்' என்று விற்றது. படத்தில் அந்தக் கார் இன்னும் அகலமானது, இன்னும் தாழ்ந்தது. அதைப் பொய் என்று சொல்லலாமா? எனக்கு அவர் படங்கள் ரொம்பப் பிடிக்கும், அதனால் என் தீர்ப்பை முழுசா நம்பாதீங்க. கார் ஓட்டும்போது மனசுக்குள் என்ன தோன்றுமோ அதை அவர் வரைந்தார், பார்க்கிறவருக்கும் அது ஓவியம் என்று தெரியும். போட்டோவில் அதையே செய்தால் பார்க்கிறவருக்குத் தெரியாது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குது.

போட்டோஷாப் வருவதற்கு ரொம்ப முன்பே அது நடந்தும் விட்டது. லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு என்ற கண்ணாடிக் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் டிவியில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். எங்கள் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள் என்று. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்ததில் தெரிந்தது: அந்தக் காட்சியை எடுத்தபோது ஜன்னல் கண்ணாடி இறக்கப்பட்டிருந்தது! ஒப்பிட்டுக் காட்டிய மற்ற கண்ணாடியில் வாசலைன் தடவியிருந்தார்கள். 1965-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கமிஷனின் பக்கமே நின்றது. எடிட்டிங் சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படலை. ஒரு ஜன்னல் கைப்பிடி போதுமாக இருந்தது.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். முதலில் பிரான்சுக்குப் போகணும்.

1950-களின் கடைசியில் கார்க் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி இருந்தது. டிசைனர் அழகாக ஒரு வளைவு வரைவார். அதை அச்சு செய்பவர் தன் கண் அளவுக்குப் புரிந்துகொள்வார். முடிவில் வரும் இரும்புத் தகடு வேறு ஒரு வளைவில் வரும். வளைவை எண்ணாக மாற்றிச் சொல்ல வழி வேணும். சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ என்ற கணிதக்காரர் 1959-ல் அதைக் கண்டுபிடித்தார். கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டது. சில வருஷத்தில் ரெனோவில் பியர் பெசியே என்ற இன்ஜினீயர் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கம்பெனி வெளியே சொல்ல விட்டது, பெயரும் அவருக்கே நின்றது. பெசியே வளைவு. நாலு புள்ளி கொடுத்தால் போதும்: தொடக்கம், முடிவு, நடுவில் வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள்.

போட்டோஷாப்ல பென் டூலை எடுத்து காரைச் சுற்றிப் புள்ளி வச்சு இழுத்து வளைச்சிருக்கீங்களா? அது இதேதான். அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1987-ல் இல்லஸ்ட்ரேட்டர், அப்புறம் 1991-ல் போட்டோஷாப்பின் இரண்டாவது பதிப்பு என்று அந்த வளைவு பயணம் செய்தது. கார் கதவை வளைக்கக் கண்டுபிடித்த கணக்கை வைத்துத்தான் இன்று நாம் கார் கதவைப் போட்டோவிலிருந்து வெட்டி எடுக்கிறோம். ஃபென்டர் வளைவில் பென் டூல் அவ்வளவு சுகமாக உட்காருவது தற்செயல் இல்லை மக்களே. அதன் சொந்த ஊரே அதுதான்.

அடுத்த இடம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1972-ல் பேராசிரியர் ஐவன் சதர்லண்டின் மாணவர்களுக்கு, நிஜமான ஒரு பொருளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வேண்டும். கிடைத்தது சதர்லண்டின் மனைவியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். வண்டி மேல் நேரடியாகக் கோடு போட்டுப் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு புள்ளியையும் கையால் அளந்து எழுதினார்கள். ஸ்கேனர் கிடையாது. பட்டப்பகலில், அடுத்தவர் காரில் ஏறி நின்று கிறுக்கியிருக்கிறார்கள்!

அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் பூய் துவாங் ஃபாங், வியட்நாமில் பிறந்தவர். பளபளப்பை எப்படிக் கணக்காக்குவது என்று யோசித்தார். ஒரு பொருளில் நாம் பார்க்கும் வெளிச்சத்தை அவர் பிரித்தார். பொருளின் சொந்த நிறத்தோடு எல்லாப் பக்கமும் சிதறும் வெளிச்சம் ஒன்று. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் மினுமினுப்பு இன்னொன்று. சுற்றுப்புறத்தில் பொதுவாக இருக்கும் மங்கல் வெளிச்சம் மூன்றாவது. 1975-ல் அந்தக் கட்டுரை வெளியானது. அதே வருஷம் இறந்துபோனார். வயது 32. கிராஃபிக்ஸ் படிக்கிற எல்லாரும் ஃபாங் ஷேடிங் என்று இன்னைக்கும் எழுதுறாங்க. நானும் காலேஜ்ல செமஸ்டர் எக்ஸாமுக்கு அந்த ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணினேன். அது ஒரு மனுஷனோட பேருன்னு யாரும் சொல்லித் தரலை.

இப்போ சிவப்புக் காருக்குத் திரும்புவோம். அதன் பானெட்டில் சூரியன் பட்டு மின்னும் இடம் என்ன நிறம்? சிவப்பு இல்லை, வெள்ளை. மினுமினுப்பு பெயின்டின் நிறத்தை எடுத்துக்கொள்வதில்லை, வெளிச்சத்தின் நிறத்தில்தான் இருக்கும். 1985-ல் ஸ்டீவன் ஷேஃபர் இதைப் போட்டோவுக்குத் திருப்பினார்: ஒரு கலர் போட்டோவில் உள்ளிருந்து வரும் நிறமும் மேலே தெறிக்கும் மினுமினுப்பும் கலந்திருக்கின்றன, நிறத்தை வைத்தே அவற்றைப் பிரிக்கலாம் என்று. கார் பெயின்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் கார் பெயின்டே இரண்டு அடுக்குதான்: கீழே நிறம், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட்.

ஸ்லைடருக்கு இது எதுவும் தெரியாது. ஹியூ, சாச்சுரேஷன், வேல்யூ என்று நிறத்தைப் பிரிக்கும் கணக்கை 1978-ல் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்டார். பிரமாதமான கணக்கு. ஆனால் அது ஒவ்வொரு பிக்சலையும் தனியாகப் பார்க்கும். இது பெயின்ட், இது சூரியன், இது எதிர்வீட்டுச் சுவர் என்று பிரிக்காது. சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும்போது வெளிச்சக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை, அதனால் தப்பிக்கிறது. வெள்ளைக் கார் வேறு ஜாதிப் படம். பெயின்டே பளிச்சென்று இருப்பதால் மினுமினுப்பு அதில் கரைந்துவிடும். நாம் வடிவத்தைப் புரிந்துகொள்வது மெல்லிய நிழலை வைத்து. கருப்புக் கார் அதற்கு நேரெதிர். கருப்புக் கார் போட்டோவில் நாம் பார்ப்பது பாதிக்குப் பாதி எதிரே இருக்கும் தெருவைத்தான். மேட் ராப் இன்னும் கஷ்டம். அதில் மினுமினுப்பு புள்ளியாக நிற்காமல் பரவி மங்க வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு 'மேட்' என்று பெயர் வைத்த படத்தில், கதவில் மரக்கிளை தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்தாலே படம் பொய் என்று தெரிஞ்சுடும்.

போட்டோஷாப்பின் கதையைப் பல பேர் சொல்லியாச்சு, சுருக்கமா முடிச்சிடறேன். மிச்சிகனில் தாமஸ் நோல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1987-ல் விளையாட்டாக ஒரு புரோகிராம் எழுதினார். ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு எஃபெக்ட்ஸ் செய்த கம்பெனியில் வேலை பார்த்த தம்பி ஜான் அதைப் பிடித்துக்கொண்டார். 1990 பிப்ரவரியில் அடோபி வெளியிட்டது. கார் எடிட் பண்றவங்களுக்கு முக்கியமான வருஷம் 1994. அப்போது மூன்றாவது பதிப்பில் லேயர் வந்தது. அதற்கு முன் படத்தின் மேலேயே பூச வேண்டும், பூசினது பூசினதுதான். லேயர் வந்த பிறகு நிறம் ஒரு அடுக்கு, நிழல் ஒரு அடுக்கு, மினுமினுப்பு ஒரு அடுக்கு. ஃபாங் கணக்காகப் பிரித்ததை, அவர் பேரைக் கேள்விப்படாத பசங்க மவுஸால் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பசங்க பெரிய கூட்டம். 2000-களின் தொடக்கத்தில் கார் போட்டோவை எடுத்து உயரத்தைக் குறைத்து, சக்கரத்தை மாற்றி, பாடி கிட் ஒட்டி, நிறம் மாற்றுவதற்கு 'சாப்' என்றே பேர் வந்தது. 2003-ல் நீட் ஃபார் ஸ்பீடு அண்டர்கிரவுண்ட் வந்து அதையே விளையாட்டாக்கியது. பிரவுசிங் சென்டரில் ரேஸ் ஓட்டாமல் ஒரு மணி நேரம் பெயின்ட் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் யார் யார், கையைத் தூக்குங்க. ஆனால் கேமில் நிறம் மாற்றுவது சுலபம். வடிவமும் வெளிச்சமும் ஏற்கெனவே அதுக்குத் தெரியும், நிறம் வெறும் ஒரு எண். போட்டோவில் வடிவமும் தெரியாது, வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னும் தெரியாது. கலந்து வச்ச சாம்பாரிலிருந்து பருப்பைத் திரும்பப் பிரிச்செடுக்கிற வேலை.

விளம்பரக்காரர்கள் இந்த இரண்டையும் இணைக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 2016-ல் தி மில் என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனம் பிளாக்பேர்டு என்ற ஒரு வண்டியைக் காட்டியது. நீள அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய, சக்கரத்தோடு ஓடும் ஒரு எலும்புக்கூடு. மேலே கேமராக்கள் சுற்றுப்புறத்தையும் வெளிச்சத்தையும் பதிவு செய்யும். அதை ஓட்டிப் படம் எடுத்துவிட்டு, பிறகு அதன் மேல் எந்தக் காரையும் எந்த நிறத்திலும் கம்ப்யூட்டரில் போர்த்தலாம். களிமண் போய் எலும்புக்கூடு வந்தது. டை-நாக் போய் பிக்சல் வந்தது.

இதெல்லாம் கம்பெனிக்காரர்களின் உலகம். நம்ம உலகத்தில் இது எப்படி இருக்கும்னு ஒண்ணு சொல்றேன்.

போன வருஷம் என் நண்பன் ஒருத்தன் அவங்க அப்பாவோட மாருதி 800 போட்டோ நாலு அனுப்பினான். வெள்ளை வண்டி. அப்பா இறந்து இரண்டு வருஷமாக ஷெட்டில் நிற்குது. அம்மா விற்க விடலை, இவனுக்குச் சும்மா நிற்க விடவும் மனசில்லை. "நீலம் அடிச்சா எப்படி இருக்கும்னு காட்டு மச்சி, அம்மா பார்த்துட்டு சரின்னா பண்ணிடலாம்"னான். ஏரியாவில் ஒரு கடையில் ஏற்கெனவே டேப்லெட்டில் ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தாங்க. ஷோரூம் வண்டி மாதிரி மின்னுது. துருவும் இல்லை, நெளிவும் இல்லை. கீழே வெறும் பெயின்டிங் ரேட் மட்டும் போட்டிருந்தது.

நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பண்ணினேன். வெள்ளை வண்டியை நிறமாக்குவது ஒரு வகையில் வசதி, நிழல் எல்லாம் சுத்தமாகக் கிடைக்கும். நிறத்தை மல்டிப்ளையில் போட்டால் நிழல் தானாக உட்காரும். ஆனால் மினுமினுப்பும் சேர்ந்து நீலமாகிடும், அதை மட்டும் தனியாகப் பிரிச்சு மேலே வைக்கணும். ஷெட்டின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தையும் அப்படியே விட்டேன். இடது பக்கப் பின் கதவுக்குக் கீழே ஒரு நெளிவு இருந்தது. அதையும் விட்டேன். "அதை ஏன்டா எடுக்கலை?"ன்னு கேட்டான். டிங்கரிங், பட்டி எல்லாம் தனிக் காசு. காசு கொடுக்காத எதுவும் படத்தில் சரியாகி இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்.

வீடியோ காலில் அவங்க அம்மா படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. நீலத்தைப் பற்றி ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "தம்பி, இந்த நெளிவு அவர் பால் வாங்கப் போறப்ப நம்ம கேட்லயே இடிச்சது. கலர் என்ன வேணா அடிங்க, இது இருக்கட்டும்"னாங்க. பெயின்டர்தான் ஒத்துக்கலை. நெளிவோட அடிச்சுக் கொடுத்தா என் பேர்தான் கெடும்னு ஒரே சண்டை. கடைசியில் அடிச்சார். ஆர்.சி.யில் நிறமும் ஒரு விவரம்தான், அதை மாத்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைஞ்சது அவன் தனிக் கதை, அவனையே ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்ல வைக்கிறேன்.

இப்போ ஏ.ஐ. 2023-ல் போட்டோஷாப்பிலேயே ஜெனரேட்டிவ் ஃபில் வந்துவிட்டது. 'மேட் பச்சை ஆக்கு' என்று எழுதினால் சில நொடியில் படம் வரும். நிறத்தை நல்லாவே பண்ணும், மினுமினுப்பைக்கூட நிறைய நேரம் சரியா வைக்கும். பிரச்சினை, நீங்க கேட்காததையும் பண்ணும். அலாய் வீலில் ஒரு ஸ்போக் கூடும். நம்பர் பிளேட் எழுத்து புழு மாதிரி நெளியும். கதவு இடுக்கு கொஞ்சம் நகரும். அந்த மாருதி 800 படத்தை ஆர்வத்தில் அதில் போட்டுப் பார்த்தேன், முதல் வேலையா நெளிவை எடுத்துடுச்சு. அதுக்கு அது குறை. ஃபிட்ஸ்பேட்ரிக் காரை அகலமாக்கியபோது எவ்வளவு அகலம் கூட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதில் யாருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும்கூட.

அதனால் கடையில் படம் காட்டினால் பழைய போட்டோவையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்க. நிறம் தவிர வேறு எது துள்ளினாலும், அதுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. இன்னொண்ணு, முன்னோட்டப் படம் எல்லாமே கதவு சாத்தின வண்டியில் எடுத்ததா இருக்கும். கம்மி ரேட்டில் பெயின்ட் அடிச்சாலும் ராப் ஒட்டினாலும் கதவுச் சட்டத்தில், டிக்கி விளிம்பில் பழைய நிறம்தான் இருக்கும், தினமும் ஏறும்போது அதைத்தான் பார்ப்பீங்க. கதவைத் திறந்து வச்சு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்து, அதிலும் நிறம் மாத்திக் காட்டச் சொல்லுங்க.